தொலைக்காட்சிப் பெட்டியும் கணினித் திரையும்

வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று இருக்கின்றது. கணினிக்கெனத் தனித்திரை வாங்கப் பொருளில்லை. அப்பெட்டியையே கணினித் திரையாகக் கொள்ளலாகாதோ என்று மாணவர் பலர் வினாவுவர். கொள்ளலாம் என்பதே விடை. ஆயின், அவ்விடையோடு அமைந்துவிடுவோர் சில நாளிலே, எழுத்துக்கள் மங்குகின்றன, ஓரங்கள் மறைகின்றன, சுட்டி கைக்குப் பின்னே தயங்கி வருகின்றது, கண் களைக்கின்றது என முறையிடக் காண்கின்றோம். குறை பெட்டியினதுமன்று, கணினியினதுமன்று. வெவ்வேறு நோக்கத்துக்காக ஆக்கப்பெற்ற இரு கருவிகளை இணைக்கும்போது எழும் முரண்பாட்டை அறியாமையே அதற்குக் காரணமாகும். தொலைக்காட்சி தூரத்திலிருந்து காண்பதற்கென எழுந்தது. கணினித் திரை அருகிருந்து வாசிப்பதற்கென எழுந்தது. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, இன்றும் எவ்வெவ்விடங்களில் எஞ்சி நிற்கின்றது, அதனை எவ்வாறு களையலாம் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதிர் வரைந்த படம்

பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் உயிர்நிலை கதோட்டுக் கதிர்க் குழாயாகும். ஜேர்மன் பௌதிகவியலறிஞரான கார்ல் பேர்டினந்து பிரவுண் 1897ஆம் ஆண்டில் இதன் முதல் வடிவத்தை அமைத்தார். காற்றகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயின் பின்புறத்திலிருந்து இலத்திரன் கற்றை புறப்பட்டு, முன்புறத்திலுள்ள ஒளிர்பொருட் பூச்சைத் தாக்கும். தாக்கிய இடம் ஒளிரும். அக்கற்றையைக் காந்தப்புலத்தால் இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஓட்டி, ஓடும்போதே அதன் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் விட்டால், வயலில் ஏர் சால் பிடிப்பதுபோல வரிவரியாகப் படம் எழும்.

பிரித்தானியாவில் பி.பி.சி. 1936 நவம்பர் 2இல் ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர் 405 வரி முறை நிலைபெற்றது. 1964இல் அதன் இரண்டாம் அலைவரிசை தோன்றியபோது 625 வரி முறை வழக்கிற்கு வந்தது. இலங்கையிலே தொலைக்காட்சி 1979இல் தொடங்கியபோது இங்கும் 625 வரி முறையே கைக்கொள்ளப்பட்டது. ஆகலின், கீழ்வரும் கணக்குக்கள் நம்முடைய பழைய பெட்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்துவனவாம்.

இம்முறையிலே ஒரு வரியை வரைந்து மீளக் கற்றைக்குக் கிடைக்கும் காலம் 64 மைக்குரோ செக்கன். அஃதாவது செக்கனுக்கு 15,625 வரிகள். ஒரு முழுப்படத்துக்கு 625 வரிகளாகச் செக்கனுக்கு 25 படங்கள் எழும். அவ்வளவே திரை ஒளிர்ந்தாற் கண்ணுக்குத் துடிப்புப் புலப்படும். ஆகவே முதலில் ஒற்றை வரிகளையும் அடுத்து இரட்டை வரிகளையும் வரைந்து, ஒரு படத்தை இரு பாதிகளாக்கிச் செக்கனுக்கு 50 தடவை திரையை ஒளிர்வித்தனர். மனித முகமும் மரமும் கடலும் இம்முறையிற் குறையின்றித் தோன்றும். ஆயின், ஒரு வரித் தடிப்பே உள்ள கிடைக்கோடு வரையப்படுமாயின் அஃது ஒரு பாதியில் மட்டுமே அமைந்து, செக்கனுக்கு 25 தடவையே ஒளிர்ந்து துடிதுடிக்கும். எழுத்துக்களோ அத்தகைய மெல்லிய கோடுகளால் ஆனவை.

மற்றுமொன்று காண்க. மின்னழுத்தம் ஏறியிறங்குவதாலும் உறுப்புக்கள் பழமையுறுவதாலும் படத்தின் அளவு சிறிது விரிந்தும் சுருங்கியும் வரும். சுருங்கும்போது ஓரத்திற் கருமை தோன்றாதிருக்கும் பொருட்டு, திரையினும் சற்றுப் பெரிதாகவே படத்தை வரையுமாறு பெட்டிகளை அமைத்தனர். எனவே படத்தின் நான்கு ஓரங்களும் சிறிதளவு சட்டகத்துக்குப் பின்னே மறைந்தன. ஒளிபரப்பாளரும் இதனை அறிந்து, முதன்மையானவற்றை நடுவிலேயே வைத்தனர். நாடகத்திலே அரங்கின் ஓரம் மறைந்தால் இழப்பில்லை. கடிதத்திலே ஒவ்வொரு வரியின் முதலெழுத்தும் மறைந்தாற் பொருளே கெடும்.

கணினி திரையைத் தேடியமை

இனிக் கணினியின் பக்கத்தை நோக்குவாம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1948 யூன் 21இல் இயங்கிய கணினி கதோட்டுக் கதிர்க் குழாயைக் கொண்டிருந்தது உண்மையே. ஆயின், ஆங்கு அக்குழாய் முதன்மையாக எண்களைச் சேமிக்கும் நினைவகமாகவே பயன்பட்டது. அதன்பின் வந்த கணினிகள் பல, தட்டச்சுப் பொறி போன்ற கருவிகளாற் காகிதத்திலேயே விடையளித்தன. திரையோடு கூடிய முனையங்கள் பிற்காலத்திற் பரவியபோதும், அவை நிறுவனங்கள் மட்டுமே வாங்கத்தக்க விலையினவாயிருந்தன.

1970களிலே நுண்செயலி தோன்றிக் கணினியின் விலை வீழ்ந்தபோது திரையின் விலையே தடையாக எஞ்சியது. அத்தடையை நீக்கும் வழி வீட்டினுள்ளேயே இருந்தது. அமெரிக்காவில் டொன் லங்காஸ்டர் என்பார் 1973 செப்டெம்பரில் ‘ரேடியோ இலெக்ரோனிக்ஸ்’ என்னும் சஞ்சிகையிலே, விசைப்பலகையில் தட்டும் எழுத்துக்களை வீட்டுத் தொலைக்காட்சியில் தோற்றுவிக்கும் கருவியொன்றை விளக்கினார். அக்கருத்து ஏழாண்டுகளின் பின் பிரித்தானியாவிலே பெரும் பயன் விளைத்தது.

கிளைவ் சின்கிளேயரின் நிறுவனம் 1980இல் இசட்.எக்ஸ். 80 என்னும் கணினியைப் பொருத்தி முடித்த நிலையில் 99 பவுண் 95 பென்சுக்கு விற்றது. அடுத்த ஆண்டில் வந்த இசட்.எக்ஸ். 81 இன் விலை 69 பவுண் 95 பென்சே. இவ்விலையிலே திரையும் இல்லை. தரவைச் சேமிக்கும் கருவியும் இல்லை. திரைக்கு வீட்டுத் தொலைக்காட்சி. சேமிப்புக்கு வீட்டு ஒலிப்பதிவுக் கருவி. இல்லத்திலே ஏலவே உள்ளவற்றைத் துணைக்கொண்டமையாலேயே அவ்விலை இயன்றது. இசட்.எக்ஸ். 81 பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. கணினியைக் கண்ணாற் காணவும் வாய்ப்பில்லாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் நிரலெழுதக் கற்றமைக்கு, மூலையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டி உற்ற துணையாயிற்று.

இணைத்த முறையும் அறியத்தக்கது. கணினி தன் படத்தை வானொலியலை ஒன்றின்மீது ஏற்றி, வானலைவாங்கிக் கம்பியைச் செருகும் துளையினூடே பெட்டிக்குட் செலுத்திற்று. பிரித்தானியாவில் அக்காலத்தே ஒளிபரப்புக்குப் பயன்படாதிருந்த 36ஆம் அலைவரிசை இதற்கு உதவியது. தன்னிடம் வந்தது கணினியின் சைகை என்பதைப் பெட்டி அறியாது. ஏதோவொரு நிலையத்தின் ஒளிபரப்பென்றே அதனைக் கொண்டது. ஆகவே அம்மாணவன் தன் வீட்டு அறையினுள்ளே, ஒரு கம்பிக்குள் அடங்கிய ஒளிபரப்பு நிலையத்தை நடத்தினான் எனல் மிகையன்று.

நிலையம் நடத்துதல் எளிதன்று. தொலைக்காட்சி காத்திராது, 64 மைக்குரோ செக்கனுக்கு ஒரு வரி வந்தேயாகவேண்டும். செலவைக் குறைக்கும் பொருட்டு இசட்.எக்ஸ். 80 இலே இவ்வரிகளை ஆக்கும் பணியும் நுண்செயலியின் தலைமீதே சுமத்தப்பட்டது. எனவே அது கணக்கிடத் தொடங்கியதும் படம் மறைந்தது. கணக்கு முடிந்த பின்னரே மீண்டது. இசட்.எக்ஸ். 81 இலே பயன்படுத்துவோன் இரண்டில் ஒன்றைத் தெரியலாம். விரைவுநிலையிற் படம் மறையும். மெதுநிலையிற் படம் நிற்கும். ஆனாற் கணக்கு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு வேகத்திலேயே நடக்கும். ஏனெனில், படத்தின் மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தைக் கற்றை கடக்கும் சிறுபொழுதிலே மட்டும் நுண்செயலிக்குக் கணக்கிட ஓய்வு கிடைத்தது. பிறர்க்கென அமைந்த கருவியை இரவல் கொண்டதற்கு அக்கணினி செலுத்திய விலை இதுவாகும்.

எழுத்தும் நிறமும்

அக்காலத்து வீட்டுக் கணினிகளில் ஒரு வரிக்கு 32 அல்லது 40 எழுத்துக்களே அமைந்தமை ஏன் என வினாவலாம். ஒரு வரியின் 64 மைக்குரோ செக்கனிலே படத்துக்குரியது ஏறத்தாழ 52 மட்டுமே. பிரித்தானிய முறையிலே படச்சைகை செக்கனுக்கு ஏறத்தாழ 55 இலட்சம் தடவைக்கு மேல் ஏறியிறங்க இயலாது. ஆகவே ஒரு வரியில் 286 ஏற்றவிறக்கங்கள்; ஏற்றத்தை ஒரு வெண்புள்ளியும் இறக்கத்தை ஒரு கரும்புள்ளியுமாகக் கொண்டால் 572 புள்ளிகள். ஓர் எழுத்துக்கு எட்டுப் புள்ளி அகலமெனின், 80 எழுத்துக்களுக்கு 640 புள்ளிகள் வேண்டும்; அவை அடங்கா. 40 எழுத்துக்களுக்கு 320 புள்ளிகள் போதும். ஓரம் மறைவதற்கும் இடம் விட்டு அவை இனிது அடங்கும். உரோம எழுத்துக்கள் எட்டுப் புள்ளி அகலத்தில் ஒருவாறு அமைந்துவிடும். சுழிகள் அடுத்தடுத்து வரும் நமது ‘ண’கரத்தை அவ்வகலத்தில் அடக்குதல் அரிதென்பதைக் கட்டத்தாளில் வரைந்து பார்ப்போர் எளிதில் உணர்வர்.

நிறத்தின் நிலை இதனினும் இடர்ப்பாடானது. நம் கண் ஒளியின் நுண்மையை உணருமளவுக்கு நிறத்தின் நுண்மையை உணர்வதன்று. அதனை அறிந்த பொறியியலாளர், நிறத்துக்கான சைகைக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 13 இலட்சம் ஏற்றவிறக்கங்களையே ஒதுக்கினர். ஒரு வரியில் நிறம் மாறத்தக்க இடங்கள் ஏறத்தாழ 135 மட்டுமே. முகத்தின் செம்மையைக் காட்ட அது போதும். நீலப்பரப்பிலே செந்நிற எழுத்தைத் தெளிவாகக் காட்ட அது போதாது. 1982இல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ரம் என்னும் நிறக்கணினியில் 256 புள்ளி அகலமும் 192 புள்ளி உயரமுமுடைய படத்தைச் சூழ ஒரு வெறும் விளிம்பு விடப்பட்டிருந்தது. அவ்விளிம்பை அழகுக்கென எண்ணியோர் பலர். உண்மையில் அது சட்டகம் விழுங்குவதற்கென ஒதுக்கிய பங்கு.

1981 டிசெம்பரில் வெளிவந்து பிரித்தானியப் பாடசாலைகளிற் பரவிய பி.பி.சி. மைக்குரோ என்னும் கணினி இவ்வுண்மையைத் தன் முதுகிலேயே தாங்கியிருந்தது. அதன் பின்புறத்திற் படத்துக்கென மூன்று துளைகள் இருந்தன. ஒன்று வானொலியலையில் ஏற்றிய சைகையைத் தொலைக்காட்சிக்கு அளித்தது. மற்றொன்று அலையில் ஏற்றாத படச்சைகையை அளித்தது. மூன்றாவது சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றையும் வெவ்வேறு கம்பியிற் கணினித் திரைக்கு அளித்தது. முதலாவதினும் இரண்டாவதும், இரண்டாவதினும் மூன்றாவதும் தெளிவுடையன. 80 எழுத்து வரியை இடரின்றி வாசிக்க வேண்டியோர் மூன்றாவதையே நாடினர். இடையிலே நிகழும் ஒவ்வொரு மாற்றமும் படத்திற் சிறிது தெளிவை உண்டுவிடுகின்றது என்பதே அம்மூன்று துளைகளும் புகட்டும் பாடம்.

பிரிவும் மீள்சேர்க்கையும்

1981இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணினி அலுவலகத்தை நோக்கியது. 80 எழுத்துக்கொண்ட 25 வரிகளைத் தெளிவாகக் காட்டும் தனித்திரை அதற்கென வந்தது. அதன் நிறப்பலகையொன்று தொலைக்காட்சியோடும் இணைய இடமளித்ததாயினும், 1987இல் தோன்றிய வி.ஜி.ஏ. முறை அவ்வுறவை முற்றாக அறுத்தது. அம்முறையிலே செக்கனுக்கு ஏறத்தாழ 31,500 வரிகள். பாதிபாதியாகவன்றி முழுப்படமும் ஒருங்கே 60 தடவை எழும். 15,625 வரிக்கென அமைந்த தொலைக்காட்சி அவ்வேகத்தைத் தொடர இயலாது. பல்லாண்டுகள் இரண்டும் இரு வழியிற் சென்றன.

தட்டைத்திரை வந்தபோது வழிகள் மீண்டும் கூடின. அதிற் கற்றையுமில்லை, வரியோட்டமுமில்லை. எண்ணி வைத்த படப்புள்ளிகளே உள்ளன. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு 1920க்கு 1080 என வகுத்த புள்ளித்தொகையையே கணினித் திரைகளும் ஏற்றன. 2002 டிசெம்பரில் வெளியான எச்.டி.எம்.ஐ. இணைப்பு, 1999இல் கணினித் திரைக்கென வகுத்த டி.வி.ஐ. இணைப்பின் சைகை முறையையே தழுவியது. ஆகவே இன்று ஒரே கம்பி இரண்டுக்கும் பொருந்துகின்றது. கம்பி பொருந்திவிட்டமையாலேயே கருவிகளும் முற்றாக ஒன்றாகிவிட்டன என எண்ணுதல் தவறு. பழைய பெட்டியின் பழக்கங்கள் சில புதிய பெட்டியிலும் எஞ்சியுள்ளன.

எஞ்சிய பழக்கங்களும் களையும் வழியும்

முதலாவது, ஓரம் மறைதல். தட்டைத்திரைக்கு இது வேண்டுவதன்று. எனினும் பல பெட்டிகள் இன்றும் படத்தைச் சிறிது பெருப்பித்து ஓரத்தை வெட்டுகின்றன. வெட்டுவதோடமையாது, 1920 புள்ளிகளைச் சற்று விரித்துப் பரப்புவதால் ஒரு புள்ளி அடுத்த புள்ளியோடு கலந்து எழுத்து முழுவதும் மங்கும். கணினியிலே படத்தைச் சுருக்கி இதனை ஈடுசெய்ய முயல்வோர் மங்கலை இரட்டிப்பாக்குகின்றனர். பெட்டியின் படவளவுப் பட்டியலிலே, புள்ளிக்குப் புள்ளி காட்டும் தெரிவைக் கண்டு அமைப்பதே தக்க வழியாகும்.

இரண்டாவது, நிறச்சுருக்கம். இன்றைய ஒளிபரப்பிலும் திரைப்படத் தட்டிலும் நான்கு புள்ளிகளுக்கு ஒளி வெவ்வேறாகவும், நிறம் நான்குக்கும் பொதுவாக ஒன்றாகவும் அனுப்பப்படுதலே பெருவழக்கு. கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைத் தனியே அனுப்பினும், சில பெட்டிகள் உள்ளே அதனைச் சுருக்கிவிடும். நிற எழுத்தின் விளிம்பு கரைந்து தோன்றும். அத்தகைய பெட்டிகள் சிலவற்றிலே, அந்த இணைப்புத் துளைக்குக் கணினி எனப் பெயரிட்டால் சுருக்கம் நீங்கும்.

மூன்றாவது, செயற்கைக் கூர்மை. தூரத்திலிருந்து காண்போர்க்குப் படம் எடுப்பாகத் தோன்றும்பொருட்டுப் பெட்டி ஒவ்வொரு விளிம்புக்கும் கோடிடுகின்றது. எழுத்தைச் சூழ அக்கோடு வெண்ணிழலாக நின்று கண்ணை வருத்தும். கூர்மையளவைக் குறைத்தால் அது மறையும்.

நான்காவது, தாமதம். அசைவை மென்மையாக்கவும் இரைச்சலை நீக்கவும் பெட்டி சில படங்களைத் தன்னிடம் நிறுத்தி ஆராய்ந்த பின்னரே காட்டும். சில பெட்டிகளில் இது செக்கனின் பத்திலொரு பங்கை எட்டும். செய்தி பார்ப்போர்க்கு அஃது ஒன்றுமன்று. சுட்டியை அசைப்போர்க்குக் கையும் கண்ணும் மாறுபட்டதுபோலத் தோன்றும். விளையாட்டுக்கென அமைந்த நிலையைத் தெரிந்தால் இவ்வாராய்ச்சிகள் பெரும்பாலும் நின்றுவிடும். 3840க்கு 2160 புள்ளிகொண்ட பழைய பெட்டிகள் சில, அத்தெளிவிலே செக்கனுக்கு 30 படங்களையே ஏற்கும். அவற்றிற் புள்ளித்தொகையைக் குறைத்து 60 படங்கள் பெறுதலே நன்று.

தூரம் என்னும் கணக்கு

இவை யாவும் செய்த பின்னரும் ஒன்று எஞ்சும். அது பொறியின் குறையன்று, தூரத்தின் கணக்கு. நல்ல பார்வையுடைய கண், ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கு இடைவெளியுள்ள இரு புள்ளிகளை வேறுபிரித்தறியும். 40 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 89 சென்ரிமீற்றர். அதனை 1920ஆற் பிரித்தால் ஒரு புள்ளி 0.46 மில்லிமீற்றர். அப்புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியே தோன்றாதிருக்க 1.6 மீற்றர் தூரம் வேண்டும். 22 அங்குலக் கணினித் திரையில் ஒரு புள்ளி 0.25 மில்லிமீற்றர், அதற்கு ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர் போதும். ஆகவே பெரிய பெட்டியை மேசைமீது 60 சென்ரிமீற்றரில் வைத்து வாசிப்போன், புள்ளிகளின் படிக்கட்டையே வாசிக்கின்றான். கழுத்தையும் இருமருங்கும் திருப்புகின்றான். பின்னே சென்று 1.6 மீற்றரில் அமர்ந்தானாயின், அருகே 4 மில்லிமீற்றராயிருந்த எழுத்தை ஏறத்தாழ 11 மில்லிமீற்றராகப் பெருப்பித்தல் வேண்டும். அப்பொழுது பெரிய திரையிலும் அடங்குவது சிறிய திரையில் அடங்கியதனினும் மிகாது. பெரிது வாங்கினேன், மிகுதியாகக் காண்பேன் என எண்ணுவோர் இக்கணக்கை முன்னரே போட்டுப் பார்ப்பது நலம்.

பழைய குழாய்ப் பெட்டியை வைத்திருப்போரும் அதனை எறிந்துவிட வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜிலே தோன்றி 2012 பெப்புருவரியில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி, 35 டொலர் விலையிலே எச்.டி.எம்.ஐ. துளையையும் பழைய பெட்டிக்குரிய படச்சைகைத் துளையையும் ஒருங்கே கொண்டிருந்தது. அதன் வகைகளுக்கு ஏ, பி எனப் பெயரிட்டமை பி.பி.சி. மைக்குரோவின் வகைப்பெயர்களைப் பின்பற்றியதேயாம். பழைய பெட்டியிலே பெரிய எழுத்து, கரும்பரப்பில் வெண்ணிறம், ஓரத்தில் வெற்றிடம் என்னும் மூன்றையும் பேணினால் நிரலெழுதப் பயிலலாம். நெடுங்கட்டுரை வாசிக்க அது தகாது. குழாய்ப் பெட்டியின் மூடியை மட்டும் ஒருபோதும் கழற்றலாகாது. மின்னைத் துண்டித்த பின்னரும் அக்குழாயில் உயிரைப் போக்கத்தக்க மின்னழுத்தம் தங்கியிருத்தல் கூடும்.

முடிவாக நாம் கொள்ளத்தக்கது இதுவாம். தொலைக்காட்சி கணினித் திரைக்கு இழிந்ததுமன்று, அதற்கு ஈடானதுமன்று. தூரத்துக்கென வகுத்த கருவியை அருகுக்குக் கொண்டுவரும்போது, அதனோடு வரும் பழக்கங்களை ஒவ்வொன்றாக அறிந்து களைதல் வேண்டும். பிரித்தானியச் சிறுவன் 32 எழுத்து வரியிலும், கணக்கிடும்போது மறையும் படத்திலும் பயின்று முன்னேறினான். தன் கருவியின் எல்லையை அவன் அறிந்திருந்தான். அதற்குள்ளே தன் வேலையை அமைத்துக்கொண்டான். நம் மாணவர்க்கு இன்று கிடைக்கும் பெட்டி அதனினும் பன்மடங்கு சிறந்தது. வாங்க இயலாத திரைக்காக ஏங்கியிருத்தலை விடுத்து, இருக்கும் பெட்டியின் இயல்பை அறிந்து அதனைப் பணிகொள்ளுதலே அறிவுடைமையாகும்.